வெற்றுச் சொற்களும் வேத மொழிபெயர்ப்பும்: சீனமொழி பயின்ற முதல் மிஷனெரிகள்

செராம்பூர் என்றவுடன் நம் இறையியல் மாணவருக்குப் பட்டமும் தேர்வுமே நினைவுக்கு வருகின்றன. அவ்வூர் மிஷன் அச்சகத்தில் 1814, 1815 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் சீனமொழிக்கு இரண்டு இலக்கண நூல்கள் அச்சாகின என்பதை அறிந்தவர் சிலரே. முன்னது ஜோசுவா மார்ஷ்மன் இயற்றியது. பின்னது காண்டனில் பணியாற்றிய ராபர்ட் மாரிசன் இயற்றியது. மாரிசன் தம் நூலை 1811-இலேயே முடித்து வங்காளத்திற்கு அனுப்பியிருந்தார். அது தாமதமாய் அச்சேறியதால் இருதரப்பாருக்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. அவ்வழக்கை விடுத்து, இருவரும் அம்மொழியை எவ்வாறு விளங்கிக்கொண்டார்கள் என்பதையே இங்கு ஆராய்வோம்.

மார்ஷ்மன் சீனதேசத்தில் கால்வைத்தவரல்லர். மக்காவோவில் பிறந்த ஆர்மீனியரான யோவானெஸ் லாசர் என்பவரிடம் செராம்பூரிலேயே கற்றார். மாரிசனோ முதலில் இலண்டனில் யோங் சாம்-தக் என்ற சீனரிடம் கற்று, 1807-இல் காண்டன் சென்றார். அயலாருக்குச் சீனமொழி கற்பிப்பது அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. பிடிபட்டால் வதைக்குத் தப்புவதற்கென்று அவருடைய ஆசிரியர் ஒருவர் நஞ்சை உடன் வைத்திருந்தார் என்பது மிஷனெரி வரலாறுகளில் வழங்கிவரும் செய்தி.

இருவரும் இலத்தீன் இலக்கணத்தில் பழகியவர்கள். பெயருக்கு வேற்றுமையும் வினைக்குக் காலமும் எண்ணும் சொல்லின் ஈற்றில் தோன்றும் என்று எதிர்பார்த்தவர்கள். சீனத்தில் ஈறே மாறுவதில்லை. மாரிசன் பழைய அச்சையே எடுத்துக்கொண்டு, வேற்றுமை, காலம் என்ற தலைப்புகளின்கீழ்ச் சீன வாக்கியங்களை அடுக்கினார். சீகன்பால்கு 1716-இல் வெளியிட்ட தமிழ் இலக்கணமும் அவ்வச்சைத் தழுவியதே. ஆகவே அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மார்ஷ்மன் ஒருபடி முன்சென்றார். சொல் நிற்கும் இடமே சீன இலக்கணத்திற்கு அடிப்படை என்று அவர் கண்டது இன்றும் மதிக்கத்தக்கது.

ஆனால் இடம் மட்டும் போதாது. சீன அறிஞர் தம் சொற்களை நிறைசொல், வெற்றுச்சொல் என இரண்டாகப் பகுத்திருந்தனர். மனிதன், மலை, நட என்பன போன்றவை நிறைசொற்கள். தமக்கெனப் பொருளின்றிப் பிற சொற்களை இணைத்தும் முடித்தும் நிற்பவை வெற்றுச்சொற்கள். இவற்றை மட்டுமே விளக்க லூ யிவெய் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு நூல் செய்தார். வாங் யின்ஜி 1798-இல் இன்னும் ஆழமான ஆராய்ச்சி நூலொன்றுக்கு முன்னுரை எழுதினார். தொல்காப்பியத்தின் இடையியலைப் பயின்றவருக்கு இப்பகுப்பு வியப்பளிக்காது.

ஓர் எடுத்துக்காட்டைப் பேச்சுமொழியிலிருந்து தருவோம். 'வோ மாய் ஷூ' என்றால் 'நான் நூல் வாங்குகிறேன்' என்று பொருள். சொற்கள் நிற்கும் வரிசை நான், வாங்கு, நூல் என்பது. இடையில் 'தெ' என்னும் வெற்றுச்சொல்லை வைத்து 'வோ மாய் தெ ஷூ' என்று சொன்னால் 'நான் வாங்கிய நூல்' என்றாகிவிடுகிறது. வாக்கியமாக இருந்தது ஓரசையால் பெயரடைத் தொடராயிற்று. (குரலின் ஏற்றத்தாழ்வு பிசகினால் 'மாய்' என்பது 'விற்றல்' ஆகிவிடும், அது வேறு தொல்லை.) ஆங்கிலேயர் இத்தொடரை விளங்கிக்கொள்ளச் சொற்களைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. அடையை முன்னும் பெயரைப் பின்னும் வைத்துப் பேசும் நமக்கோ அத்தொல்லை இல்லை. வினாவும் அவ்வாறே. நாம் 'வாசிக்கிறீரா' என்று இறுதியில் ஆகாரம் சேர்ப்பதுபோல, அவர்கள் வாக்கிய முடிவில் 'மா' என்பதைச் சேர்க்கிறார்கள். எளிதில் ஏமாற்றுவது 'லெ' என்ற சொல். பயிலத் தொடங்குவோர் அதை இறந்தகால விகுதி என்று எழுதிவைத்துக்கொள்வர். ஆனால் இன்னும் வாயிற்படி தாண்டாதவரும் 'வோ ட்சௌ லெ', அதாவது 'நான் புறப்பட்டேன்', என்பார். நிலைமை மாறியது என்பதையே அச்சொல் அறிவிக்கிறது. அழைத்தவருக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்று உள்ளறையிலிருந்தே குரல்கொடுக்கும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம்.

இவ்வெற்றுச்சொற்களின் அருமையை மாரிசனுக்கு முன்னமே உணர்ந்தவர் இயேசு சபைக் குருவான பிரெமார். அவர் 1728-இல் காண்டனில் எழுதிய இலக்கணம், சீன நூல்களின் வாக்கியங்களைக் கொண்டே சீனத்தை விளக்கியது. அது நூறாண்டுக்குமேல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1831-இல் மலாக்காவில் மாரிசன் நிறுவிய ஆங்கில-சீனக் கல்லூரியில் அச்சேறிற்று. கத்தோலிக்கக் குருவின் நூலைப் புரொட்டஸ்டண்டார் அச்சகம் வெளிக்கொணர்ந்ததை நாம் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். ஆயினும் அதற்குள் முழு வேதாகமம் இருமுறை வெளிவந்துவிட்டது: மார்ஷ்மன், லாசர் இருவரின் பதிப்பு 1822-இல், மாரிசன், மில்ன் இருவரின் பதிப்பு 1823-இல். இரண்டும் மாபெரும் உழைப்பின் பயன். எனினும், மூலத்தைச் சொல்லுக்குச் சொல் தொடர்ந்தமையால் சீன நடை அமையவில்லை என்று அடுத்த தலைமுறை மிஷனெரியான மெத்தர்ஸ்ட் குறைகண்டார்.

குறையின் காரணம் சிந்திக்கத்தக்கது. நிறைசொல்லை அகராதியிலிருந்து எடுக்கலாம். வெற்றுச்சொல்லோ நெடுங்காலம் அம்மொழியில் தோய்ந்த செவிக்கே வசப்படும். எங்கே ஒன்றைச் சேர்ப்பது, எங்கே விடுப்பது என்பதை அறிந்திருந்தவர்கள் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட முன்ஷிகளே. மெத்தர்ஸ்ட் அந்தச் செவியை நம்பினார். ஷாங்காயில் அவருக்கு உதவியவர் வாங் தாவ் என்ற இளம் புலவர். 1852-இல் வெளியான பிரதிநிதிகள் மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டைக் கற்றறிந்த சீனர் படிக்கத்தக்க நடையுடையது என்று பாராட்டினர். அந்நடைக்கு அவருடைய பங்கு பெரிது என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆனால் மொழிபெயர்த்த பிரதிநிதிகளின் வரிசையில் அவர் பெயர் இல்லை.

அந்நடையும் இலக்கியச் சீனமே. 'ச்சி', 'ஹூ', 'யே' என்னும் பழைய வெற்றுச்சொற்கள் கற்றோர் கண்ணுக்குரியவை. சந்தையிலும் வயலிலும் வழங்கியவை 'தெ', 'மா', 'லெ' என்பன. 1890-இல் ஷாங்காயில் கூடிய மிஷனெரி மாநாடு உயர்நடை, எளியநடை, மாண்டரின் பேச்சுநடை என மூன்று பதிப்புகளுக்குக் குழுக்கள் அமைத்தது. முதலிரண்டும் பின்னர் ஒன்றாக்கப்பட்டன. 1919-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் மாண்டரின் பதிப்பே திருச்சபைகளில் நிலைபெற்றது. மாண்டரின் குழுவின் முதல் தலைவரான மட்டீருக்கு உதவியவர்களுள் ஒருவர் வாங் யுவாந்தெ. அவர் 1933-இல் புதிய ஏற்பாட்டைத் தாமே மொழிபெயர்த்துத் தம் பெயரால் வெளியிட்டார்.