ரூசவெல்ட்டின் இரத்த அழுத்தம்

ஐக்கிய அமெரிக்காவின் 32ஆவது குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் டி. ரூசவெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் காலமானார். அப்போது அவருக்கு வயது 63. எதிர்பாராத மரணம் என்றே உலகம் கருதியது. ஆனால் அவருடைய இரத்த அழுத்தக் குறிப்புகள் வேறு கதையைச் சொல்கின்றன.

1935இல் அவரது அழுத்தம் 136/78. இது 1937இல் 162/98 ஆகவும், 1941 பிப்ரவரியில் 188/105 ஆகவும் உயர்ந்தது. அளக்கும் கருவி இருந்தது, அளந்தும் பார்த்தார்கள். ஆயினும் சிகிச்சை எதுவும் தொடங்கப்படவில்லை. வெள்ளை மாளிகை மருத்துவரான ராஸ் மெக்கின்டைர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். தலைவர் நலமாக இருக்கிறார் என்றே அவர் செய்தியாளர்களிடம் கூறிவந்தார்.

பழியை அவர் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. வயது ஏற ஏற நாளங்கள் குறுகும், அவற்றின் வழியே இரத்தத்தைச் செலுத்த அழுத்தம் கூடத்தான் வேண்டும், அதைக் குறைத்தால் உறுப்புகளுக்குக் கேடு என்று அக்காலத்தில் பல மருத்துவர்கள் நம்பினர். புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி வைட்கூட 1931இல் வெளியான தம் நூலில், உயர் அழுத்தம் உடல் செய்துகொள்ளும் ஓர் ஈடுகட்டலாக இருக்கலாம் என்றும், அதில் கைவைக்கக் கூடாது என்றும் எழுதினார்.

1944 மார்ச் இறுதியில் பெத்தெஸ்டா கடற்படை மருத்துவமனையின் இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயென் ரூசவெல்ட்டைச் சோதித்தார். அழுத்தம் 186/108. இதயம் வீங்கிச் செயலிழக்கத் தொடங்கியிருந்தது. டிஜிட்டாலிஸ் மருந்து, உப்புக் குறைந்த உணவு, ஓய்வு, குறைவான சிகரெட் ஆகியவற்றைப் புரூயென் பரிந்துரைத்தார். டிஜிட்டாலிஸால் இதயம் சற்றுத் தேறியது. அழுத்தம் இறங்கவில்லை, பலமுறை 200ஐத் தாண்டியது. இந்த நிலையிலேயே ரூசவெல்ட் நான்காம் முறை தேர்தலில் வென்றார், 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்கும் பயணமானார். தம் உடல்நிலை பற்றி அவர் புரூயெனிடம் எதுவும் கேட்டுக்கொண்டதில்லை என்பது வியப்புக்குரியது.

ஏப்ரல் 12 அன்று ஓவியர் ஒருவர் தம்மை வரைந்துகொண்டிருக்கையில், பின்தலையில் கடும் வலி என்று கூறிய ரூசவெல்ட் நினைவிழந்தார். விரைந்து வந்த புரூயென் அளந்தபோது அழுத்தம் 300/190. பிற்பகல் 3.35க்கு உயிர் பிரிந்தது.

பயனுள்ள மருந்துகள் சில ஆண்டுகளிலேயே வந்தன. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தா அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் விளக்கினார். அம்மூலிகையிலிருந்து 1952இல் ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும் குளோரோதயசைடு 1958இல் வந்தது. அப்போதும் பழைய நம்பிக்கை முற்றாக அகலவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரெய்ஸ் தலைமையில் நடந்த ஆய்வின் முதல் முடிவு 1967இல் வெளியானது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில், வெற்று மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது. மருந்து பெற்ற 73 பேரில் இருவருக்கே நேர்ந்தது.

இரண்டாம் பகுதி 1970இல் வந்தது. அதில் கீழ் அளவு 90 முதல் 114 வரை உள்ளவர்கள் இடம்பெற்றனர். மருந்து பெறாதவர்களில் 20 பேருக்கும், பெற்றவர்களில் 5 பேருக்கும் பக்கவாதம் வந்தது. ரூசவெல்ட்டின் 1937, 1941 அளவுகள் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. அவரது மருத்துவக் கோப்பு மரணத்துக்குப்பின் காணாமற்போனது. தம்மிடம் இருந்த குறிப்புகளைக் கொண்டு புரூயென் எழுதிய கட்டுரையும் அதே 1970இல்தான் வெளியானது.