தண்ணீரின் வயதும் குண்டின் தேதியும்

தண்ணீருக்கு வயது உண்டு என்று சொன்னால் கிணறு வெட்டுகிறவர் சிரிப்பார். ஊற்றுக்கண் திறந்தால் தண்ணி, இல்லாட்டி இல்லை, இதில் வயசு எங்கேயிருந்து வந்தது என்பார். ஆனால் 1950களுக்குப் பிந்தைய நீரியல் திரும்பத்திரும்பக் கேட்டு வந்திருப்பது இந்தக் கேள்வியைத்தான்: இந்தத் தண்ணீர் எப்போது மழையாக இருந்தது? கேள்வி வெள்ளந்தியானது. விடை சொல்லும் கருவி எங்கிருந்து வந்தது, கிடைத்த விடையை யார் எதற்காக எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்கப்போனால் அந்த வெள்ளந்தித்தனம் நிலைப்பதில்லை.

ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு டிரிடியம். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேல்மட்டத்தில் மோதுவதால் எப்போதும் கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுக்குள்ளேயே சேர்ந்து மழையாக இறங்குகிறது. 1877இல் ஜெர்மனியில் டான்யூப் ஆறு மறையும் இடத்தில் சாயத்தையும் உப்பையும் கொட்டி, அவை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் ஊற்றில் வெளிப்படுவதைப் பார்த்தார்கள். எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்கிற வழக்குக்குச் சாயம் போதும். எப்போது பெய்தது என்பதைச் சாயம் சொல்லாது. டிரிடியம் சொல்லும்: சுமார் 12.3 வருஷத்துக்கு ஒருமுறை அது பாதியாகிறது, நிலத்தடிக்குப் போனபின் புதிதாகச் சேர்வது அநேகமாக இல்லை. மிச்சத்தை எண்ணினால் காலம் தெரியும்.

கஷ்டம் என்னவென்றால், இயற்கையில் அது எண்ணுவதே கடினமாகும் அளவுக்குச் சொற்பம். அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவைத்தது ஹைட்ரஜன் குண்டு. 1954 மார்ச் 1 அன்று பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த பிராவோ குண்டின் சாம்பல் ரோங்கெலாப் தீவு மக்கள்மீது பெய்தது. அதே வெடிப்புகளின் டிரிடியம் உலகத்தின் மழையில் கலந்தது. 1963வாக்கில் வடகோளத்து மழையில் அது இயற்கை அளவைப்போல் நூறு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். அந்த ஆண்டு ஆகஸ்டில் வல்லரசுகள் வளிமண்டலச் சோதனையைத் தடைசெய்து ஒப்பந்தம் போட்டன, அளவு இறங்கத் தொடங்கியது. வரைபடத்தில் செங்குத்தான ஒரு சிகரம். நீரியலாளர்களுக்கு அது தேதிமுத்திரை. நிலத்தடி நீரில் டிரிடியம் இருந்தால் குண்டுக்குப் பின் பெய்த மழை கலந்திருக்கிறது, இல்லையென்றால் முந்தையது. ரோங்கெலாப் மக்கள் இந்த வரைபடத்தில் எங்கும் இல்லை.

கார்பன் கடிகாரத்தைக் கொடுத்த வில்லார்ட் லிபிதான் டிரிடியத்தையும் காலக்கணிப்புக்குக் கொண்டுவந்தவர். 1954 முதல் 1959 வரை அவர் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தில் உறுப்பினர். கதிர்வீச்சுச் சாம்பலால் பெரிய ஆபத்தில்லை என்று பகிரங்கமாக வாதாடியவர். அளக்கும் கையும் வெடிக்கும் கையும் ஒரே நிறுவனத்தில் இருந்தன என்பதை ஒரு தனிமனிதரின் முரண்பாடாகச் சுருக்கிவிடக்கூடாது. மழைநீரின் ஐசோடோப்புகளை உலகெங்கும் அளக்கும் வலைப்பின்னலை உலக வானிலை அமைப்போடு சேர்ந்து தொடங்கியதும் சர்வதேச அணுசக்தி முகமைதான். நமக்குக் கிடைத்திருக்கும் நீரின் ஆவணக்காப்பகம் அணு அரசியலின் கிளை அலுவலகமாகவே பிறந்திருக்கிறது.

இந்தியாவிலும் கதை அதே பாதையில்தான். 1990களில் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டத்தில், செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த புதையுண்ட ஆற்றுத் தடங்களை ஒட்டிய கிணறுகளின் நீரை ஆராய்ந்தவர்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள். 1974லும் 1998லும் அந்த மையத்தின் உழைப்பு வெடித்த பொக்ரானும் இதே மாவட்டம். ஆய்வு சொன்னது தெளிவு: டிரிடியம் அநேகமாக இல்லை, கார்பன்-14 கணக்கில் வயது பல ஆயிரம் ஆண்டுகள். கார்பன் கணக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரையும் பழைய கார்பன் தண்ணீரைக் கிழடாக்கிக் காட்டும், அதைத் திருத்தித்தான் படிக்கவேண்டும். எப்படித் திருத்தினாலும் இந்த நீர் நேற்றுப் பெய்ததில்லை.

இதற்குப் பிறகுதான் வாசிப்பு தொடங்கியது. பழைய தண்ணீர், ஆகவே பழைய நதி, ஆகவே சரஸ்வதி, ஆகவே சிந்துவெளி வேதகாலத்தினுடையது என்று 'ஆகவே'க்கள் அடுக்கப்பட்டன. முதல் ஆகவேயைத் தவிர மற்ற எதற்கும் ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் கிடையாது; முதலாவதே கூட பாதிதான், உள்ளூர் மழையும் பழையதாகலாம். ஐசோடோப்பு பெயர் சொல்லாது. எந்த மொழி பேசியவன் அந்தத் தண்ணியைக் குடித்தான் என்றும் சொல்லாது. மணலை ஆராய்ந்தவர்களிடையேகூட ஒருமுடிவில்லை: 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சட்லெஜ் ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாதையை விட்டு விலகிவிட்டது, ஹரப்பர்கள் குடியேறியது கைவிடப்பட்ட பள்ளத்தாக்கில் என்றது. 2019இல் ஆமதாபாத், பம்பாய் ஆய்வாளர்கள் ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் ஐசோடோப்புகளை வைத்து, 9000 முதல் 4500 ஆண்டுகள் முன்புவரை அங்கே வற்றாத நதி ஓடியது என்றார்கள். இரண்டும் நேர்மையான ஆய்வுகள்தான். நாளிதழ்களுக்கும் மேடைகளுக்கும் இரண்டாவதுதான் பிடித்தது.

ஹரியானா அரசு 2015இல் சரஸ்வதிக்கென்று வாரியமே அமைத்தது. அதே ஆண்டு யமுனாநகர் மாவட்டத்தில் தோண்டிய குழியில் சில அடி ஆழத்தில் நீர் சுரந்தபோது, நதி திரும்பி வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். இமயத்தின் அடிவாரத்தில் அவ்வளவு ஆழத்தில் தண்ணி வருவதில் அதிசயம் என்ன இருக்கிறது?

ஜெய்சால்மர் பக்கம் போனால் இந்தக் கொண்டாட்டத்தின் விலை தெரியும். டிரிடியம் இல்லாத நீர் என்பதற்கு விவசாயியின் மொழியில் அர்த்தம் ஒன்றுதான்: வரவு இல்லை, எல்லாம் செலவு. நதி என்று பெயர் வைத்துவிட்டால் நதிக்குரிய குணமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது, ஓடிக்கொண்டே இருக்கும், இறைக்க இறைக்க வரும் என்று. ஆழ்குழாய்க் கிணறுக்கு மோட்டார் வைப்பவனிடம், இது பல ஆயிரம் வருஷத்துக்கு முன் மூடிய கணக்கு, நீ எடுப்பது முதல் என்று சொல்லவேண்டிய அறிக்கை, அவனிடம் வேறொரு செய்தியாகப் போய்ச் சேர்கிறது.