தரை துடைத்த மேஜர்

லண்டன், 1955. தேம்ஸ் நதியின் தென்கரையில் பெர்மாண்ட்ஸி என்றொரு ஏழை வட்டாரம். அங்கே ஒரு முதியவர் வீட்டில் மண்டியிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். பக்கத்தில் வாளி, பிரஷ். ஆசாமி யார் தெரியுமா? ஒரு ராணுவ மேஜர்!

பெயர் ரிச்சர்ட் கார்-கோம். அரண்மனைக்குக் காவல் நிற்கும் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர். 33 வயதில் வேலையை உதறிவிட்டு, சம்பளம் வாங்காமல் முதியவர்களின் வீடுகளைப் பெருக்கித் துடைக்க வந்துவிட்டார்.

அங்கே அப்போதே முதியவர்களுக்கு பென்ஷன் உண்டு. 1948 முதல் அரசு மருத்துவமும் உண்டு. தரை துடைக்கவும் ஆள் வந்தாயிற்று. அப்புறம் என்ன குறை?

வேலை முடிந்து மேஜர் கிளம்பியதும் கதவு சாத்திக்கொள்ளும். மறுபடி அவர் வரும்வரை பேச்சுத்துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. அழுக்கைத் துடைத்துவிடலாம். தனிமையை?

ராணுவத்தை விட்டு வந்தபோது கிடைத்த பணத்தைப் போட்டு, யூஜீனியா ரோட்டில் ஒரு வீடு வாங்கினார். தனியாகத் தவித்த முதியவர்கள் சிலரை அழைத்துவந்து குடிவைத்தார். சமையல், வீட்டுவேலை எல்லாம் மேஜரே! 1956-ல் 'அபிஃபீல்டு சொசைட்டி' பிறந்தது.

ஃபார்முலா ரொம்ப சிம்பிள். ஒரு வீட்டில் ஏழெட்டு, மிஞ்சினால் பத்துப் பேர். ஆளுக்கொரு தனி அறை, அதில் அவரவர் சொந்த மேஜை நாற்காலி. சமைத்துப் போட ஒரு ஹவுஸ்கீப்பர். சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்தில்.

'பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். தினமும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுபவர் ஒருநாள் வரவில்லையென்றால், 'என்னாச்சு அவருக்கு?' என்று யாராவது எழுந்துபோய்க் கதவைத் தட்டுவார்கள். பேச்சு முற்றி மனஸ்தாபம் வந்தாலோ, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நாளைக்கு மறுபடி அதே மேஜையில் முகம் பார்த்துத்தானே ஆகவேண்டும்? கோபம் தானாக இறங்கிவிடும். பொது மேஜை மட்டும் இருந்தால் ஹாஸ்டல். தனிக் கதவு மட்டும் இருந்தால் லாட்ஜ். இரண்டும் சேர்ந்தால்தான் வீடு.

கதையில் ஒரு கசப்பும் உண்டு. ஊரையே ஒரு மேஜையில் உட்காரவைத்தவருக்கும் நிர்வாகிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. தான் ஆரம்பித்த சொசைட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார்! மனிதர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1965-ல், எந்த வயதிலும் தனிமையில் வாடுபவர்களுக்காக இன்னொரு சொசைட்டி தொடங்கினார். 2008-ல், 86 வயதில் காலமானார்.

நான் படித்தது பி.காம். முதியோர் இல்லம் என்றாலே டெபாசிட் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு என்றுதான் புத்தி போகும். மேஜரின் கணக்கில் முதல் கேள்வியே வேறு.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால், அதைக் கவனிக்க அங்கே யாராவது இருக்கிறார்களா?