அண்ணா, பின்னாடி வாரான்!

2002-ல் எக்ஸ்பாக்ஸ் லைவ் ஹெட்செட்டோடு வந்தபோது, நான் பி.காம் முடித்து பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கணினியில் 1999-லேயே ரோஜர் வில்கோ இருந்தது. அது இல்லாதவர்கள் சுடுவதை நிறுத்திவிட்டு டைப் அடிக்கணும். அதற்குள் ஆள் காலி :-)

பப்ஜி மொபைல் 2018-ல் வந்தது. நாலு பேர் அணி, போனிலேயே மைக்.

2020 ஊரடங்கில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம்கூட இல்லை. எங்க வீட்டில் மட்டும் கூச்சல். மாற்றலாகி இங்கே வந்ததிலிருந்து தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்லும் என் மகன், திருநெல்வேலிப் பெரியப்பா பையனோடு அத்தனை தமிழ் பேசினான். திட்டினேன்தான். ஆனா கதவோரம் நின்று கேட்டேன்.

செப்டம்பர் 2-ல் தடை, மொத்தம் 118 செயலிகள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தது. அதற்குள் அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். இப்போ ரெண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல்தான்.