ஒரகடம் வந்து சேர்ந்த எண்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருக்களில் வாடகை அறைகள் வரிசையாக நிற்கின்றன. அறைக்கு நாலைந்து பேர். பாய், பை, சார்ஜர், கொடியில் காயும் கம்பெனிச் சட்டை. அநேகமாக எல்லா அறையிலும் ஆணியில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். மளிகைக் கடையோ நகைக் கடையோ புத்தாண்டுக்குக் கொடுத்தது. நைட் ஷிப்ட் முடித்து வருபவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத்தான் படுப்பார். இல்லாவிட்டால் எந்த நாளில் தூங்கி எந்த நாளில் எழுந்தோம் என்பதே குழம்பிவிடும்.

2025 செப்டம்பர் 7, ஆவணி 22, ஞாயிற்றுக்கிழமை. அன்று பௌர்ணமி, சந்திர கிரகணம். இரவு 9.57க்குப் பூமியின் கருநிழல் நிலவின் ஓரத்தைத் தொட்டது. சுமார் 11 மணிக்கு நிலவு முழுவதும் நிழலுக்குள் போனது. 82 நிமிடம் செம்பு நிறம். பின்னிரவு 1.26க்கு நிழல் விலகியது. இப்படி நிமிடம் பிசகாமல் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது என்பதில் நமக்கு இப்போது வியப்பில்லை. அந்த நேரங்களின் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கி நடந்தால் ஓர் எண்ணிடம் போய் நிற்போம். எந்தத் தாளிலும் அது அச்சாவதில்லை. 248 என்பது அந்த எண்.

அது எதற்கு வேண்டியிருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். நிலவின் வளர்பிறையும் தேய்பிறையும் சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவே வானத்தில் விரியும் கோணம்தான். கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. 180 ஆனால் பௌர்ணமி. அப்படியானால் பௌர்ணமி தோறும் நிலவு பூமியின் நிழலில் விழ வேண்டுமே? விழுவதில்லை. நிலவின் பாதை சூரியப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்குத்தான் நம் முன்னோர் ராகு, கேது என்று பெயர் வைத்தார்கள். பௌர்ணமி அந்தப் புள்ளிகளை ஒட்டி நேர்ந்தால் மட்டுமே கிரகணம்.

இதுவரை எளிது. சிக்கல் நிலவின் நடையில் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸின் சராசரி வேகம் தெரிந்தாலும் அது நம் ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல முடியாது. கூட்டுரோட்டில் ஊரும், அகலச் சாலையில் பறக்கும். நிலவும் அப்படித்தான். பூமிக்குத் தொலைவில் இருக்கும்போது நாளுக்கு 12 பாகைக்குச் சற்று முன்பின்னாக நகரும், அருகில் வரும்போது 15ஐத் தொடும். சராசரியை வைத்துக் கணக்கிட்டால் பௌர்ணமியன்று நிலவின் இடம் 5 பாகை வரை தவறலாம். சூரியனோடு ஒப்பிட்டால் நிலவு மணிக்கு அரைப் பாகை முந்துகிறது, ஆகவே 5 பாகைப் பிழை 10 மணி நேரப் பிழை. கிரகணம் இரவில் என்று சொல்லிவிட்டுப் பகலில் காத்திருக்க வேண்டிவரும்.

மெதுநடையிலிருந்து மறுபடி மெதுநடைக்கு வர நிலவுக்கு 27.55455 நாள் ஆகிறது. பின்னத்தை மனத்தில் வைத்துக்கொண்டு யாரால் தினமும் கணக்குப் போட முடியும்? ஆனால் அதையே ஒன்பது முறை அடுக்கிப் பாருங்கள். 248 நாள், 13 நிமிடம் மட்டும் குறைவு. நிலவின் நாள்நடையை 248 நாளுக்கும் ஒரே ஒருமுறை எழுதி வைத்தால் போதும், பிறகு அதே வரிசை திரும்பத் திரும்ப வரும்.

இதை முதலில் பிடித்தவர்கள் பாபிலோனியர்கள். கி.மு. கடைசி மூன்று நூற்றாண்டுகளின் களிமண் பலகைகளில் நிலவின் நாள்நடை 11 பாகை 6 கலை 35 விகலையிலிருந்து 15 பாகை 14 கலை 35 விகலை வரை ஏறி இறங்குகிறது, 248 நாள் சுழற்சியில் (பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை). அங்கிருந்து அது கிரேக்க மொழிக்குப் போயிற்று. எகிப்தின் மணலில் கிடைத்து இன்று மான்செஸ்டரின் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும், கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஒன்றில் 248ஓடு 3031 என்ற எண்ணும் சேர்ந்து நிற்கிறது. 3031 நாளில் நிலவின் சுற்று 110 முறை முடிகிறது, பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பஞ்சசித்தாந்திகையில் வசிட்ட சித்தாந்தத்தைச் சுருக்கும்போது அதே இரண்டு எண்களும் அங்கே இருக்கின்றன. எந்தக் கப்பலில், யாருடைய தலைக்குள் இருந்து அவை இறங்கின என்பதற்குச் சீட்டு எதுவும் மிஞ்சவில்லை. எண்கள் மட்டும் மிஞ்சின.

தெற்கே வந்தபோது எண் உடை மாற்றிக்கொண்டது, எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஓலையில் எண் வரிசையாக எழுதினால் ஒரு கீறல் பிசகினாலும் கணக்குக் கெடும். அதனால் எண்ணைச் சொல்லாக்கினார்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்குக் கடபயாதி என்ற முறை புதிதல்ல: மேசகல்யாணியில் ம ஐந்து, ச ஆறு, திருப்பினால் 65, அதுவே மேளகர்த்தா எண். அதே சூத்திரத்தில் வடமொழி எழுத்துப்படி தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. பின்னிருந்து படித்தால் 248. ஆகவே 248க்குத் ‘தேவரம்’ என்று பெயர். 3031க்குக் ‘காலநிலம்’. நான்கு காலநிலமும் ஒரு தேவரமும் சேர்ந்தால் 12372 நாள், அதற்கு ‘ரசகரிகா’. இவற்றோடு 248 நாளுக்கும் 248 சிறு வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியமும் அந்த நாள் வரை நிலவு கடந்த இடத்தைச் சொல்லும். முதல் வாக்கியத்தின் எழுத்துகளைப் பிரித்தால் 12 பாகை 3 கலை. வரருசி இயற்றியதாக மரபு சொல்லும் இந்தச் சந்திர வாக்கியங்களைப் பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராம மாதவன் விகலை வரை செப்பமாக்கினார். தமிழ்நாட்டில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியை ஒட்டி ‘வாக்கியகரணம்’ என்ற நூல் இதை முறைப்படுத்தியது. அதன் தொடக்கப் புள்ளி கலியுகத்தின் 1600984ஆம் நாள், அதாவது 1282 மே 22.

அந்த 1282ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து நமது கிரகண ஞாயிறு வரை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் 7 சூரிய உதயத்தில் கலிநாள் 1872460. அதிலிருந்து 1600984 கழித்தால் 271476. அதில் 21 ரசகரிகாவை எடுத்தால் மீதி 11664. மூன்று காலநிலம் போக 2571. பத்துத் தேவரம் போக 91. ஆக அன்று 91ஆம் வாக்கியம். 91 நாளில் நிலவின் மூன்று முழுச் சுற்றும் அதற்கு மேல் எட்டு நாளும் சொச்சமும் அடக்கம். வாக்கிய வரிசை தொடங்குவது நிலவு மிகத் தொலைவில் நிற்கும் இடத்திலிருந்து. அப்படியானால் நிலவு கடைசியாக மிகத் தொலைவில் நின்றது ஆகஸ்ட் 29 இரவில். இன்றைய வானியல் அட்டவணைகளைப் புரட்டினேன். ஆகஸ்ட் 29 இரவுதான். 743 ஆண்டுக்கு முன் நட்டு வைத்த கோல், அதே இரவில் நிழல் விழுத்துகிறது. வேறு மாதங்களில் ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக விழும் என்பது உண்மைதான். சூரியன் நிலவை இழுக்கும் இழுப்பு இந்தச் சராசரியில் அடங்காது. ஆனாலும் அந்தக் காகிதத்தை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

இந்த முறையை ஐரோப்பியர் பார்த்தது புதுச்சேரியில். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769 ஜூனில் மேகத்திடம் தோற்ற பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, தங்கியிருந்த நாளில் தமிழரின் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னதாகவும், அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி கூட்டிச் சொன்னதாகவும் அவர் எழுதினார். பிறகு 1825இல் ஜான் வாரன். மதராஸ் வானாய்வகப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவர், ‘காலசங்கலித’ என்ற பெருநூலை அதே ஆண்டு மதராஸில் அச்சிட்டவர். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனத்திலிருந்தே சொல்லி, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை வாரன் கண்ணெதிரே கணித்துக் காட்டினார். அவர் பெயரை வாரன் ஆங்கிலத்தில் எழுதிய விதத்தில் முன்பாதி சாமிநாதன் என்பது தெளிவாகத் தெரிகிறது. தொடக்கம் 4 நிமிடமும் நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழை. ஏட்டையே பார்க்காமல், சோழியை மட்டும் நகர்த்தி.

அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒன்றும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் குறித்தார். அது நேர்மையான குறிப்புதான், ஆனால் அதைக் குறையாகப் படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 248ஐக் கண்டுபிடித்தவர்களின் நகரம் மண்மேடாகிவிட்டது. அதைக் கற்ற கிரேக்க உலகில் டாலமியின் வானியல் நூல் பரவப் பரவப் பழைய முறை வழக்கொழிந்தது. புதுச்சேரியின் திண்ணையிலோ அது உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது. களிமண் பலகைகளைப் படித்து அவிழ்த்த ஓட்டோ நியூகெபாவர், 1952இல் ‘தமிழ் வானியல்’ என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி, வாரனின் பக்கங்களில் பாபிலோனின் எண்கள் நடமாடுவதைக் காட்டினார். பலகைகளில் எண்தான் இருந்தது. கை எப்படி வேலை செய்தது என்பதைக் காட்ட ஒரு சோழிக்காரர் வேண்டியிருந்தார்.

இன்று நம் வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு உண்டு. வாக்கியம் அந்தப் பழைய வரிசையின் வாரிசு. திருக்கணிதம் தொலைநோக்கியின் பிள்ளை. மதராஸ் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்து 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதற்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர். இரண்டுக்கும் திதியில் சில நேரம் மணிக்கணக்கில் வேறுபாடு வருகிறது. எந்தத் திதியில் என்று கவனித்திருக்கிறீர்களா? அமாவாசை, பௌர்ணமியில் நெருங்கி நிற்கும். அஷ்டமி பக்கம் விலகும். காரணம் அழகானது. நிலவின் வேக மாறுபாட்டால் வரும் விலக்கம் 6.29 பாகை. சூரியனின் இழுப்பால் வரும் இன்னொரு விலக்கம் 1.27 பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டாவது முதலாவதைக் குறைத்து 5 பாகை ஆக்கிவிடும். அரைநிலவில் கூட்டி ஏழரை ஆக்கும். நம்மவர்கள் எடுத்தது 5. அவர்கள் அளந்தது கிரகணங்களில், அவர்களுக்கு வேண்டியதும் கிரகணம். அஷ்டமியில் நிலவை யார் நிழல் பிடித்து அளக்கப் போகிறார்கள்?

நிலவின் இடம் ஒரகடம் வட்டாரத்துக்கு எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்ததாக மரபு சொல்லும் ராமானுசரின் அவதாரநாள், சித்திரை மாதத்தில் நிலவு திருவாதிரையில் நிற்கும் நாள். ஆதிகேசவப் பெருமாள் கோயில் தெருவில் தோரணம் கட்டுவது எந்தக் கிழமை என்பதை யாரோ ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் நிலவை நடத்திப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அங்கிருந்து சிறிது தூரத்தில் நெடுஞ்சாலையோரம் சுங்குவார்சத்திரத்தில் இப்போது செல்போன்கள் பொருத்தித் தயாரிக்கப்படுகின்றன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 படுக்கை விடுதியிலிருந்து பெண்கள் பஸ் ஏறி அந்த வேலைக்குப் போகிறார்கள். செல்போனில் நிலவின் நிலையைக் காட்டும் செயலிகள் பல ஒரு நீண்ட பட்டியலைக் கூட்டியே நிலவின் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன; அறுபது உறுப்புகள் கொண்ட பட்டியல் பரவலாகப் பயன்படுவது. அதில் முதல் உறுப்பு, எல்லாவற்றிலும் பெரியது, அந்த 6.29 பாகை. அதன் சுற்று 27.55455 நாள். ஒன்பது முறை அடுக்கினால் என்னவாகும் என்று செல்போனைப் பொருத்தும் விரல்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

செப்டம்பர் 8, திங்கள்கிழமை காலை. ஒரகடத்தில் நைட் ஷிப்ட் பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. அறைக்கு வந்தவர் கிரகணம் அச்சான தாளைக் கிழித்து மடித்து ஜன்னல் இடுக்கில் செருகுகிறார். இன்று 92ஆம் வாக்கியம். அடுத்த தேவரம் 2026 பிப்ரவரி 11 அன்று தொடங்குகிறது.