கட்டணம் குடியிருப்பவருக்கு, கூரை உரிமையாளருக்கு: தொடர்மாடிகளும் மின் சேமிப்பு ஊக்குவிப்புத் திட்டங்களும்

மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை கூறாத அரசாங்கம் உலகில் அரிது. அந்த அறிவுரையைப் பின்பற்றுவதற்கு வேண்டிய அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியை எழுப்புவோர் அதனிலும் அரிது. சொந்த வீட்டில் வாழ்பவர் பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்றலாம். கூரைக்கு வெப்பத்தடுப்பு இடலாம். கூரையின் மீது சூரியப் படலங்களைப் பொருத்தலாம். தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் வாடகைக்கு வாழும் குடும்பத்தினால் மின்குமிழை மாற்றுவதற்கு மேல் அதிகம் எதனையும் செய்ய இயலாது. கூரை அவர்களுடையதல்ல, சுவர் அவர்களுடையதல்ல, பல இடங்களில் மின்மானியும் அவர்களுடைய பெயரில் இல்லை. மாத முடிவில் வரும் கட்டணம் மட்டுமே அவர்களுடையது.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. ஐக்கிய அமெரிக்காவில் மின் மற்றும் எரிவாயு நிறுவனங்கள், அடுக்குமாடிக் கட்டடங்களில் வலுசக்தி விரயத்தைக் குறைப்பதற்கென ஊக்குவிப்புத் திட்டங்களைப் பல தசாப்தங்களாக நடத்தி வந்துள்ளன. பிரித்தானியாவும் இத்துறையில் பல பரிசோதனைகளை மேற்கொண்டுள்ளது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தொடர்மாடி வாழ்க்கை பெருகியுள்ள நிலையில், அந்நாடுகளில் எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பதை அறிந்து வைத்திருப்பது எமக்குப் பயனுடையதாகும்.

விற்பவரே குறைத்துப் பாவிக்கச் சொல்வது ஏன்?

மின்சாரத்தை விற்று வருமானம் ஈட்டும் நிறுவனம், தனது பாவனையாளரைக் குறைவாகப் பாவிக்குமாறு கேட்டு அதற்குப் பணமும் கொடுப்பது முதற் பார்வையில் விந்தையாகத் தோன்றலாம். இதன் தோற்றுவாய் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் உள்ளது. புதிய மின் நிலையத்தை அமைத்து ஓர் அலகைப் பெறுவதற்கு ஆகும் செலவிலும், இருக்கின்ற வீடுகளில் ஓர் அலகை மிச்சப்படுத்துவதற்கு ஆகும் செலவு பல சந்தர்ப்பங்களில் குறைவு என்பது அக்காலத்திலேயே உணரப்பட்டது. இவ்வாறு மிச்சப்படுத்தப்படும் மின்சாரத்தைக் குறிக்க ‘நெகாவொட்’ என்ற சொல்லை அமெரிக்க ஆய்வாளர் அமோரி லொவின்ஸ் பின்னர் பிரபலப்படுத்தினார். 1978இல் நிறைவேற்றப்பட்ட தேசிய வலுசக்திப் பாதுகாப்புக் கொள்கைச் சட்டம், வீட்டுப் பாவனையாளர்களுக்கு வலுசக்திக் கணக்காய்வு வசதியை அளிக்குமாறு பெரிய மின், எரிவாயு நிறுவனங்களைப் பணித்தது.

ஆயினும் விற்பனை குறைந்தால் இலாபமும் குறையும் என்ற நிலை நீடிக்கும் வரை எந்த நிறுவனமும் இதில் முழுமனதுடன் ஈடுபடமாட்டாது. கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு வழியைக் கண்டது. 1978இல் எரிவாயுவுக்கும் 1982இல் மின்சாரத்துக்கும், நிறுவனத்தின் வருமானத்தை விற்பனை அளவிலிருந்து அது பிரித்து வைத்தது. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த வருமானத்திற்கு ஏற்பக் கட்டணம் அவ்வப்போது சரிசெய்யப்படும். அதிகமாக விற்பதால் மேலதிக இலாபம் இல்லை. குறைவாக விற்பதால் நட்டமும் இல்லை.

இங்கு வாசகர்கள் கவனிக்க வேண்டியது இத்திட்டங்களுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதாகும். அது மின் நிறுவனத்தின் கொடையன்று. பெரும்பாலான மாநிலங்களில் பாவனையாளர்களின் கட்டணத்தில் சேர்க்கப்படும் சிறிய அறவீட்டிலிருந்தே அது திரட்டப்படுகிறது. ஆகவே வாடகை வீட்டில் வாழ்பவரும் அதற்குப் பங்களிக்கிறார். அவர் கொடுத்த பணத்தின் பயன் அவரைச் சென்றடைகிறதா என்பதே இவ்விடயத்தில் நீதியின் பாற்பட்ட முதற் கேள்வியாகும்.

செலவு ஒருவருக்கு, பயன் மற்றவருக்கு

அமெரிக்கக் குடும்பங்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். இவர்களது நிலையைப் பொருளியலாளர்கள் ‘பிளவுபட்ட நலன்’ என்று வர்ணிப்பர். வீட்டுக்குத் தனி மின்மானி இருந்து, கட்டணத்தைக் குடியிருப்பவர் செலுத்துவாராயின், புதிய யன்னல்களுக்கோ திறன்மிக்க நீர் சூடாக்கிக்கோ பணம் செலவிட உரிமையாளருக்குக் காரணம் இல்லை. செலவு அவருக்கு, மிச்சம் வாடகைக்காரருக்கு. மறுபுறம், முழுக் கட்டடத்திற்கும் ஒரே மின்மானி இருந்து கட்டணம் வாடகைக்குள் அடங்குமாயின், சிக்கனமாக நடந்துகொள்ளக் குடியிருப்பவருக்குக் காரணம் இல்லை. இதனாலேயே, புதிய கட்டடங்களில் பொது மின்மானி முறையைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆராயுமாறு 1978ஆம் ஆண்டின் மற்றுமொரு கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

இதற்கு மேலும் பல தடைகள் உள்ளன. முதலில் முழுப் பணத்தையும் செலுத்திப் பொருளை வாங்கிவிட்டு, பின்னர் பற்றுச்சீட்டை அனுப்பிக் கழிவைப் பெறும் முறை, கையில் பணமில்லாதவருக்கு உதவாது. ஓரிரு ஆண்டுகளில் வேறிடம் செல்லக்கூடிய குடும்பம் பத்து ஆண்டுகளில் பலன் தரும் முதலீட்டைச் செய்யாது. கொதிகலன், மின்தூக்கி, நடைபாதை விளக்கு ஆகியவை பொதுப் பகுதியைச் சேர்ந்தவை. வீட்டினுள் இருப்பவை வேறு. ஒன்றுக்கு மின் நிறுவனத்திடமும் மற்றொன்றுக்கு எரிவாயு நிறுவனத்திடமும் தனித்தனியே விண்ணப்பிக்க நேரும்போது பல உரிமையாளர்கள் முயற்சியையே கைவிட்டு விடுகின்றனர். விளைவாக, எல்லோருடைய கட்டணத்திலிருந்தும் திரட்டப்பட்ட நிதியின் பயன் வசதி படைத்த தனி வீட்டுக்காரர்களை நோக்கிச் சாயும் அபாயம் எழுகிறது.

கைகூடிய வழிகள்

இத்தடைகளைத் தாண்டிய திட்டங்கள் சில உண்டு. அவற்றுள் நியூயோர்க் நகரின் உதாரணம் குறிப்பிடத்தக்கது. அந்நகர வீடமைப்பு அதிகாரசபைக்கு உரிய பொதுக் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றின் மின் கட்டணத்தை அதிகாரசபையே செலுத்தி வந்தது. மின்சாரத்தை வழங்கியது அரசுக்குரிய நியூயோர்க் மின்சக்தி அதிகாரசபை. இவ்விரு நிறுவனங்களும் இணைந்து 1996இல் பழைய குளிர்சாதனப் பெட்டிகளை மாற்றும் திட்டத்தை ஆரம்பித்தன. சிறிய வீடுகளுக்குப் பொருத்தமான, மின்சாரத்தைக் குறைவாக உட்கொள்ளும் பெட்டிகள் அப்போது சந்தையில் அரிதாகவே இருந்தன. ஒரே இடத்திலிருந்து பெருந்தொகையான கட்டளை கிடைக்கும் என்பது உறுதியானதும் உற்பத்தியாளர்கள் அத்தகைய பெட்டியைத் தயாரிக்க முன்வந்தனர். ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் பெட்டிகள் மாற்றப்பட்டன. செலவு, கட்டணத்தில் ஏற்பட்ட மிச்சத்திலிருந்து மீளப் பெறப்பட்டது. கட்டணம் செலுத்துபவரும் முதலிடுபவரும் ஒருவராகவே இருந்ததால் நலன் பிளவுபடவில்லை என்பதே இவ்வெற்றியின் இரகசியமாகும்.

தனியார் வாடகை வீடுகளுக்கு இது பொருந்தாது. அங்கு நிபந்தனைகள் தேவைப்படுகின்றன. 1976இல் ஏற்படுத்தப்பட்ட கூட்டாட்சி வீட்டுத் தட்பவெப்பப் பாதுகாப்புத் திட்டத்தின் விதிகள் இதற்கு முன்மாதிரியாக உள்ளன. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட கட்டடத்தில் குறைந்தது 66 வீதமான வீடுகளில் தகுதியுடைய குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழுமாயின், முழுக் கட்டடமும் உதவி பெறலாம். இரண்டு அல்லது நான்கு வீடுகளைக் கொண்ட கட்டடங்களுக்கு 50 வீதம் போதுமானது. வேலை முடிந்த பின்னர், நியாயமான காலம் வரை, அவ்வேலையைக் காரணம் காட்டி வாடகையை உயர்த்தவும் முடியாது. இது அரசின் திட்டமேயாயினும், மின் நிறுவனங்களின் ஊக்குவிப்பு நிதியும் பல மாநிலங்களில் இதனுடன் இணைத்துப் பயன்படுத்தப்படுகிறது. இந்நிபந்தனை இல்லையேல், ஏழைகளின் பெயரால் புதுப்பிக்கப்படும் கட்டடம் வாடகை உயர்ந்து அவர்களுக்கே எட்டாததாகிவிடும்.

கலிபோர்னியாவில் 2015இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின் கீழ், குறைந்த வருமானத்தினரின் அடுக்குமாடிகளில் சூரிய மின்சாரம் பொருத்துவதற்கு ஆண்டொன்றுக்கு 100 மில்லியன் டொலர் வரை ஒதுக்கப்பட்டது. கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் குறைந்தது 51 வீதமாவது குடியிருப்பவர்களின் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கம்பி இழுக்கத் தேவையில்லை. கட்டணக் கணக்கிலேயே பங்கு பிரிக்கப்படுகிறது.

கன்சாஸ் மாநிலத்தின் கூட்டுறவு மின் நிறுவனமான மிட்வெஸ்ட் எனர்ஜி 2007இல் ஆரம்பித்த முறை வேறு விதமானது. வெப்பத்தடுப்புக்கும் திறன்மிக்க சாதனங்களுக்கும் நிறுவனமே முதலிடுகிறது. அப்பணம் மாதக் கட்டணத்துடன் சிறிது சிறிதாக அறவிடப்படுகிறது. அறவிடப்படும் தொகை எதிர்பார்க்கப்படும் மிச்சத்திலும் குறைவாகவே இருக்க வேண்டும். பொறுப்பு ஆளைச் சாராது, இடத்தைச் சார்ந்தது. வாடகைக்காரர் வெளியேறினால் அடுத்து வருபவர், பயனையும் அனுபவித்துக்கொண்டு, எஞ்சியதைச் செலுத்துவார்.

பிரித்தானியா தரும் பாடம்

இதே தத்துவத்தில் அமைந்த திட்டம் பிரித்தானியாவில் தோல்வியுற்றதையும் நோக்க வேண்டும். 2013 ஜனவரியில் ஆரம்பிக்கப்பட்ட ‘கிரீன் டீல்’ திட்டமும் மின் கட்டணத்தின் ஊடாகவே கடனை அறவிட்டது. ஆனால் வட்டி கவர்ச்சிகரமானதாக இருக்கவில்லை. நடைமுறைகள் சிக்கலாக இருந்தன. சுமார் 14,000 வீடுகளே கடன் பெற்ற நிலையில் 2015 ஜூலையில் அரசாங்கம் நிதி வழங்குவதை நிறுத்தியது. தத்துவம் சரியாக இருந்தும், சாதாரண மனிதன் விளங்கிக்கொள்ள முடியாத பத்திரங்களால் ஒரு திட்டம் வீழ்ந்துவிடலாம் என்பதற்கு இது சான்றாகும்.

ஊக்குவிப்பு மட்டும் போதாது என்ற முடிவுக்கும் சில அரசுகள் வந்துள்ளன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வலுசக்தித் தரப்படுத்தலில் ‘ஈ’ நிலைக்குக் கீழான வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடுவது, சில விதிவிலக்குகள் தவிர, 2018 ஏப்ரல் முதல் தடுக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் ஏற்கனவே உள்ள வாடகைகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. நியூயோர்க் நகரம் 2019இல் இயற்றிய 97ஆம் இலக்கச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் காபன் வெளியேற்றத்திற்கு 2024 முதல் உச்சவரம்பு விதித்தது. மானியம் என்ற கரும்பும் அபராதம் என்ற பிரம்பும் ஒருங்கே இருக்கும்போதே உரிமையாளர்கள் அசைகின்றனர் என்பது இதன் பின்னாலுள்ள கணிப்பு.

எமது தொடர்மாடிகளின் நிலை

இலங்கைக்கும் இத்துறை முற்றிலும் புதியதன்று. 1990களில் இலங்கை மின்சார சபை, மின்சாரத்தைச் சேமிக்கும் மின்குமிழ்களைத் தவணை முறையில் வழங்கி, பணத்தை மாதக் கட்டணத்துடன் அறவிட்டது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நிலைபெறுதகு வலுசக்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2016இல் கூரைச் சூரிய மின்சாரத்திற்கான தேசிய வேலைத்திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ஆயினும் சொந்தக் கூரையுள்ளவரே அதன் பயனை இலகுவில் பெறக்கூடியவராக இருந்தார். தொடர்மாடியின் கூரை, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் வழியில், உரிமையாளர் அனைவருக்கும் பொதுவான சொத்தாகும். அனைவரும் உடன்படாமல் அங்கு எதனையும் நிறுவுவது எளிதன்று. வாடகைக்காரருக்கோ அதில் குரலே இல்லை.

இதனிலும் பாரதூரமானது மின்மானிப் பிரச்சினை. எமது வீட்டுக் கட்டண முறையில் பாவனை கூடக்கூட அலகின் விலையும் கூடுகிறது. மாதம் 60 அலகுகளைத் தாண்டினால் வேறு, உயர்ந்த அட்டவணை பொருந்தும். ஒரே கட்டடத்தில் மூன்று குடும்பங்கள் தலா 50 அலகுகளைப் பாவிப்பதாகக் கொள்வோம். தனித்தனி மின்மானி இருந்தால் மூன்று குடும்பங்களும் குறைந்த விலைக்கு உரியன. ஒரே மின்மானியாயின் அது 150 அலகுகளைக் காட்டும். சிக்கனமாக வாழும் மூன்று குடும்பங்களும் வசதியான வீடொன்றின் விலையைச் செலுத்த நேரும். ஏழைகளைக் காக்க வகுக்கப்பட்ட முறையே நெருக்கடியில் வாழும் ஏழைகளைத் தண்டிக்கிறது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது இச்சுமை எத்தகையது என்பதைத் தலைநகரின் வாடகைக் குடும்பங்கள் நன்கு அறிந்துகொண்டன. கட்டணம் பின்னர் குறைக்கப்பட்ட சந்தர்ப்பங்களிலும் பொது மின்மானியின் அநீதி அவ்வாறே இருந்தது.

மின்சாரத் துறையை மறுசீரமைக்கும் சட்டம் 2024இல் நிறைவேற்றப்பட்டது. புதிய கட்டமைப்பு எவ்வாறு அமைந்தாலும் சில விடயங்கள் அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி மின்மானி பெறுவது மலிவாகவும் இலகுவாகவும் ஆக்கப்படல் வேண்டும். மின்தூக்கி, நீர்ப்பம்பி, நடைபாதை விளக்கு ஆகிய பொதுச் சாதனங்களைத் திறன்மிக்கவையாக மாற்றுவதற்குத் தவணை உதவி வேண்டும். அவற்றின் செலவு பராமரிப்புக் கட்டணமாக எல்லா வீட்டையும் வந்தடைகிறது. பொதுக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தைக் குடியிருப்பவர்களின் கணக்குகளுக்குப் பங்கிட வழி செய்தல் வேண்டும். உதவி பெறும் உரிமையாளர் அதனைக் காட்டி வாடகையை உயர்த்தாதிருக்கும் நிபந்தனையும் அவசியம்.

எல்லோரிடமிருந்தும் பெறும் பணத்தில் நடக்கும் திட்டம் எல்லோரையும் சென்றடைய வேண்டும். கூரை இல்லாதவனிடம் அறவிட்டு, கூரை உள்ளவனுக்கு வழங்குவதை ஊக்குவிப்பு என்று அழைப்பது பொருந்தாது. திட்டம் வகுப்போர் தொடர்மாடியின் வாடகைக் குடும்பத்தை முதலில் மனதிற்கொள்வார்களாயின், ஏனையோருக்கான வழி தானாகவே திறக்கும்.