மின்வழங்கல் இணைப்பி

மின்வழங்கல் இணைப்பி என்பது மின்வழங்கி ஒன்றிலிருந்து மின்சுற்றுத் தொகுதிக்கு மின்திறனைக் கொண்டு சேர்க்கும், கழற்றி மாட்டத்தக்க ஒரு மின்னணுக் கூறு ஆகும். தொழிற்பட்டறைகளில் இது பவர் கனெக்டர் என்றே வழங்கப்படுகிறது. கணினியின் தாய்ப்பலகை, வரைகலை அட்டை, வன்தட்டு, மின்னணு இசைக்கருவிகள், மின்கலத்தால் இயங்கும் சிறு வானூர்திகள் எனப் பல தொகுதிகளாகப் பிரித்து அமைக்கப்படும் கருவிகள் அனைத்திலும் இது இன்றியமையாத உறுப்பாகும்.

குறிகைகளை மட்டும் கடத்தும் இணைப்பி பழுதடைந்தால் பெரும்பாலும் தகவற் பிழையே நேரும். மின்வழங்கல் இணைப்பி தவறாக மாட்டப்பட்டாலோ, அரைகுறையாகப் பொருந்தினாலோ தொகுதி நொடிப்பொழுதில் எரிந்துபோகலாம், தீவிபத்தும் நேரலாம். ஆகவே இதன் வடிவமைப்பில் இரண்டு நோக்கங்கள் முதன்மை பெறுகின்றன. முதலாவது, தவறாக மாட்டுவது இயலாததாக இருத்தல். இரண்டாவது, சரியாக மாட்டியபின் தொடுகை சூடேறாமலும் கழன்றுவிடாமலும் நிலைத்திருத்தல்.

அமைப்பு

மின்வழங்கல் இணைப்பி இரண்டு பாதிகளைக் கொண்டது. ஊசிகளைக் கொண்டது ஆண் பாதி எனவும், அவற்றை ஏற்கும் குழிகளைக் கொண்டது பெண் பாதி எனவும் அழைக்கப்படும். ஒவ்வொரு பாதியிலும் பின்வரும் உறுப்புகள் காணப்படும்.

* தொடுமுனை - மின்னோட்டத்தைக் கடத்தும் உலோகப் பகுதி. இது பித்தளை, பாசுபர் வெண்கலம் போன்ற செப்புக் கலவைகளால் செய்யப்பட்டு, வெள்ளீயம் அல்லது தங்கம் பூசப்படும்.
* கூடு - தொடுமுனைகளைத் தாங்கி, ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வைக்கும் மின்கடத்தாப் பகுதி. இது பெரும்பாலும் நைலானால் ஆனது. தீப்பற்றினாலும் தானே அணையும் வகை நைலானே இதற்கு ஏற்றது.
* பூட்டு - இரு பாதிகளும் அதிர்விலும் வடத்தின் இழுப்பிலும் பிரியாமல் காக்கும் கொக்கி அல்லது திருகு.

மின்சாரம் வரும் பக்கத்தில் பெண் பாதியையும், மின்சாரத்தைப் பெறும் பக்கத்தில் ஆண் பாதியையும் அமைப்பது பொதுவிதியாகும். கழற்றிய நிலையில் வெளியே தெரியும் ஊசிகளில் மின்னழுத்தம் இருத்தலாகாது என்பதே இதன் காரணம். வீட்டுச் சுவரில் சாக்கெட்டும் கருவியின் வடத்தில் செருகியும் இருப்பது இவ்விதியின்படியே ஆகும்.

தொடுகைத் தடையும் வெப்பமும்

கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தினாலும், அவை முழுப்பரப்பிலும் தொடுவதில்லை. நுண்ணிய மேடுகள் சந்திக்கும் ஒரு சில புள்ளிகளிலேயே உண்மையான தொடுகை நிகழ்கிறது. மின்னோட்டம் முழுவதும் அப்புள்ளிகள் வழியாக நெருங்கிப் பாய்வதால் எழும் தடை தொடுகைத் தடை எனப்படும். இத்துறையின் அடிப்படைகளைச் சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம் விரிவாக ஆராய்ந்து நூலாக வெளியிட்டார்.

தொடுகையில் வெளிப்படும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் நேர்விகிதத்தில் அமையும். எடுத்துக்காட்டாக, 5 மில்லி ஓம் தடையுள்ள தொடுமுனை வழியாக 8.3 ஆம்பியர் பாயும்போது ஏறத்தாழ 0.35 வாட்டு வெப்பம் தோன்றும். அதே தொடுமுனை தளர்ந்து தடை 20 மில்லி ஓம் ஆனால் வெப்பம் 1.4 வாட்டை அண்மிக்கும். இது சிறிய அளவாகத் தோன்றினாலும், ஒரு சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உலோகத் துண்டில், வெப்பம் வெளியேற வழியற்ற கூட்டினுள் இது வெளிப்படுகிறது. வெப்பத்தால் தொடுமுனையின் சுருள்விசை தளரும். விசை தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் வெப்பம் மேலும் பெருகும். இச்சுழற்சி தொடங்கிவிட்டால் கூடு உருகும் வரை அது தானாக நிற்பதில்லை.

பூச்சு உலோகமும் கருதத்தக்கது. வெள்ளீயத்தின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகும். செருகும்போது அதை உடைத்து உள்ளே செல்ல வெள்ளீயத் தொடுமுனைக்கு அதிக அழுத்துவிசை தேவைப்படுகிறது. அதிர்வாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் தொடுமுனைகள் மிக நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் அசைந்தால், ஒவ்வோர் அசைவிலும் புதிய ஆக்சைடுத் துகள்கள் சேர்ந்து தடையை உயர்த்தும். இது உரசல் அரிப்பு எனப்படுகிறது. தங்கம் ஆக்சைடாவதில்லை. எனினும் தங்கம் பூசிய முனையை வெள்ளீயம் பூசிய முனையோடு இணைத்தல் பரிந்துரைக்கப்படுவதில்லை. வெள்ளீயத் துகள்கள் தங்கத்தின் மேல் படிந்து இவ்வரிப்பு நிகழும்.

மின்னோட்ட மதிப்பீடு

தரவுத்தாளில் குறிக்கப்படும் மின்னோட்ட அளவு, குறிப்பிட்ட தடிமனுள்ள கம்பியையும் குறிப்பிட்ட வெப்பநிலை உயர்வையும் அடிப்படையாகக் கொண்டது. 30 பாகை செல்சியசு உயர்வு இதற்குப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. ஒரே கூட்டினுள் பல ஊசிகள் ஒருசேர மின்னோட்டத்தைச் சுமக்கும்போது ஒவ்வோர் ஊசிக்கும் அனுமதிக்கத்தக்க அளவு குறையும். ஆகவே ஓர் ஊசியின் மதிப்பை ஊசிகளின் எண்ணிக்கையால் பெருக்கி மொத்த அளவைக் கணிப்பது தவறாகும்.

பல ஊசிகள் இணையாக மின்னோட்டத்தைப் பகிரும்போது வேறொரு சிக்கலும் உண்டு. எல்லா ஊசிகளின் தடையும் சமமாக இருந்தால் மட்டுமே பகிர்வும் சமமாக இருக்கும். ஆறு ஊசிகள் 50 ஆம்பியரைப் பகிரும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.3 ஆம்பியர் சுமக்கும். அவற்றுள் இரண்டு தொடுகையை இழந்தால் எஞ்சிய நான்கும் 12.5 ஆம்பியர் வீதம் சுமக்கும். அவற்றில் தோன்றும் வெப்பம் 2.25 மடங்காகும். தொகுதியோ வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருப்பதால், வெளியிலிருந்து எந்தக் குறையும் தெரியாது.

தவறான இணைப்பைத் தடுத்தல்

பயன்படுத்துபவர் கவனமாக இருப்பார் என்று நம்பி வடிவமைப்பதைவிட, கவனக்குறைவு நேர்ந்தாலும் தவறு நிகழாதவாறு வடிவமைப்பதே சிறந்தது. உற்பத்தித் துறையில் இக்கொள்கை போக்கா யோக்கே என்னும் சப்பானியப் பெயரால் அறியப்படுகிறது. 1960களில் டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையோடு தொடர்புடைய பொறியாளர் சிகேயோ சிங்கோ இதனை வகுத்தார். மின்வழங்கல் இணைப்பிகளில் இது மூன்று வகைகளில் செயற்படுத்தப்படுகிறது.

தலைகீழ் மாட்டலைத் தடுத்தல்

செருமனியின் டோப்பர் நிறுவனம் 1990களின் நடுவில் அறிமுகப்படுத்திய யூரோராக் இசைத்தொகுதி முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இதன் 10 ஊசி நாடா வடத்தில் முதல் இணை ஊசிகள் எதிர் 12 வோல்ட்டையும், அடுத்த மூன்று இணைகள் தரையையும், கடைசி இணை நேர் 12 வோல்ட்டையும் சுமக்கின்றன. வடத்தைத் தலைகீழாக மாட்டினால் நேரும் எதிரும் இடம் மாறி, தொகுதியிலுள்ள தொகுப்புச் சுற்றுகள் எரிந்துவிடும். வடத்தின் சிவப்புக் கோடு எதிர் 12 வோல்ட்டுப் பக்கத்தைக் காட்டுகிறது. ஆயினும் கோடு எச்சரிக்கை மட்டுமே செய்யும், தடுக்காது. ஊசிகளைச் சுற்றிச் சுவரும் ஒரு பக்கத்தில் பிளவும் உள்ள கூட்டைப் பயன்படுத்தினால், ஒரே திசையில் மட்டுமே வடம் நுழையும். ஆனால் வடத்தின் முனையிலேயே இணைப்பி திருப்பி அழுத்தப்பட்டிருந்தால் இப்பாதுகாப்பும் பயனற்றுப்போகும். ஆகையால் புதிய வடங்களைப் பல்லளவியால் சோதித்தபின் மாட்டுவது நன்று.

ஊசிகளைச் சமச்சீராக அமைப்பது மற்றொரு வழியாகும். மூன்று ஊசிகளில் நடுவே நேர்முனையும் இரு ஓரங்களிலும் தரையும் இருந்தால் எவ்வாறு மாட்டினாலும் தீங்கு நேராது. 24 தொடுமுனைகள் கொண்ட யூ.எசு.பி-சி இணைப்பியும் இவ்வாறே எப்பக்கம் திருப்பினாலும் பொருந்துமாறு அமைக்கப்பட்டுள்ளது.

இடம் மாறி மாட்டலைத் தடுத்தல்

1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் தாய்ப்பலகைக்கு ஒன்றையொன்று ஒத்த இரண்டு 6 முனை இணைப்பிகள் வழியே மின்சாரம் தரப்பட்டது. இவற்றை இடம் மாற்றி மாட்டினால் பலகை பழுதாகும். கறுப்புக் கம்பிகள் நடுவில் அருகருகே அமையவேண்டும் என்பதைப் பழுதுபார்ப்போர் மனப்பாடமாக வைத்திருந்தனர். 1995 இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்சு சீர்தரம் இரண்டையும் ஒரே 20 ஊசி இணைப்பியாக்கி இச்சிக்கலை நீக்கியது. இதன் குழிகளில் சில சதுரமாகவும், சில முனை மழுங்கியும் இருக்கும். நடுச்செயலகத்துக்கான 8 ஊசி இணைப்பியும் வரைகலை அட்டைக்கான 8 ஊசி இணைப்பியும் எதிரெதிரான முனைவு கொண்டவை. அவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாதிருப்பதும் இவ்வடிவ வேறுபாட்டாலேயே.

ஒத்த வடிவம், வேறுபட்ட மின்சாரம்

வட்டவடிவ மின்குழிகள் 5 வோல்ட்டு முதல் 24 வோல்ட்டு வரை பல மின்னழுத்தங்களுக்கு ஒரே வடிவில் பயன்படுகின்றன. முனைவும் ஒன்றாக இருப்பதில்லை. ஆர்டுயினோ பலகையில் நடு ஊசி நேர்முனை. 9 வோல்ட்டுக் கிட்டார் ஒலிவிளைவுக் கருவிகள் பெரும்பாலானவற்றில் அது எதிர்முனை. இவ்வாறே, வடங்களைக் கழற்றத்தக்க கணினி மின்வழங்கிகளில் மின்வழங்கிப் பக்கத்து ஊசி வரிசைக்குப் பொதுச் சீர்தரம் இல்லை. ஒரு மின்வழங்கியின் வடம் மற்றொன்றில் எளிதில் பொருந்திவிடும். ஆனால் 5 வோல்ட்டு வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட்டு வந்து வன்தட்டுகள் அழியக்கூடும். பொருந்துவதெல்லாம் சரியானதல்ல என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இணைக்கும் வரிசையும் மின்வில்லும்

மின்சாரம் இருக்கும்போதே மாட்டப்படும் இணைப்பிகளில் தரை முதலில் தொட்டு, கடைசியில் பிரிய வேண்டும். இல்லாவிடில் மின்னோட்டம் குறிகைக் கம்பிகள் வழியே திரும்ப முயன்று நுண்சுற்றுகளைப் பாதிக்கும். யூ.எசு.பி-ஏ இணைப்பியில் மின்வழங்கல் முனைகள் தரவு முனைகளைவிட நீளமாக இருப்பதும், சாட்டா வன்தட்டு இணைப்பியில் சில தரை முனைகள் முந்தித் தொடுவதும் இதனாலேயே.

தொகுதியிலுள்ள பெரிய மின்தேக்கிகள் மாட்டிய கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தை உறிஞ்சுவதால் தீப்பொறி எழுந்து தொடுமுனை குழிபடும். சில மின்கல இணைப்பிகளில் ஒரு மின்தடையம் முதலில் இணைந்து மின்தேக்கிகளை மெல்ல நிரப்பியபின் முழுத்தொடுகை ஏற்படுமாறு செய்யப்பட்டுள்ளது. கழற்றும்போது மின்வில் தோன்றும் ஆபத்தும் உண்டு. செப்புத் தொடுமுனைகளில் ஏறத்தாழ 13 வோல்ட்டுக்குக் கீழ் மின்வில் நிலைப்பது அரிது. 48 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தில் அது எளிதாக நிலைக்கும். மாறுமின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் சுழியைக் கடப்பதால் அதில் மின்வில் எளிதில் அணைகிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61984 ஆம் எண் சீர்தரம், சுமையோடு கழற்றத்தக்கவை, கழற்றத்தகாதவை என இணைப்பிகளை இரண்டாகப் பிரிக்கிறது.

கம்பியைப் பொருத்துதல்

கம்பியைத் தொடுமுனையில் நெரித்துப் பிணைக்கும் கிரிம்ப் முறை, சரியான கருவியால் செய்யப்படும்போது காற்றுப் புகாத உறுதியான இணைப்பைத் தரும். சாதாரண இடுக்கியால் நெரிப்பது இதற்கு ஈடாகாது. திருகு முனைகளில் மாட்டும் கம்பிக்கு முன்னதாக ஈயப்பற்று வைத்தல் தவறு. ஈயப்பற்று அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து திருகைத் தளரச்செய்யும்.

சுற்றுவழிப் பாதுகாப்பு

வடிவப் பூட்டு தோற்றாலும் தொகுதி பிழைக்கவேண்டுமெனில் மின்சுற்றிலும் பாதுகாப்பு தேவை.

* தொடர் டையோடு: எளியது. ஆனால் 0.7 வோல்ட்டு இழப்பதால் 2 ஆம்பியரில் 1.4 வாட்டு வீணாகும்.
* உருகியும் இணை டையோடும்: முனைவு மாறினால் டையோடு குறுக்கிணைப்பை உண்டாக்கி உருகியை எரிக்கும்.
* மாஸ்பெட்டு: சரியான முனைவில் மட்டும் கடத்தும். இழப்பு மிகக் குறைவு.

16 ஊசி வரைகலை அட்டை இணைப்பி

வடிவமைப்பில் பாதுகாப்பு இடைவெளி குறைந்தால் நேர்வதற்கு அண்மைக்காலச் சான்று, 2022 இல் அறிமுகமான 12வி.எச்.பி.டபிள்யூ.ஆர் இணைப்பியாகும். முந்தைய 8 ஊசி இணைப்பி 150 வாட்டுக்கு உரியது. அதன் மூன்று 12 வோல்ட்டு ஊசிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.2 ஆம்பியர் சுமந்தன. புதிய இணைப்பி அதைவிடச் சிறிய ஊசிகளில், ஆறு 12 வோல்ட்டு ஊசிகள் வழியாக 600 வாட்டு வரை கடத்துகிறது. இதனால் ஓர் ஊசியின் சுமை ஏறத்தாழ 8.3 ஆம்பியராக இருமடங்கானது. ஊசியின் வரம்போ 9.5 ஆம்பியர் அளவே.

2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்.டி.எக்சு 4090 அட்டை வெளிவந்த சில நாட்களிலேயே இணைப்பிகள் உருகியதாகச் செய்திகள் வந்தன. ஏறத்தாழ 50 நிகழ்வுகள் தனக்குத் தெரியவந்துள்ளன என்றும், இணைப்பி முழுமையாகச் செருகப்படாமையே அவற்றில் பொதுவாகக் காணப்பட்டது என்றும் அந்நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. 2023 இல் வெளியான திருத்திய வடிவில் மின்வழங்கல் ஊசிகள் சற்று நீட்டப்பட்டு, நான்கு உணர் ஊசிகள் குறுக்கப்பட்டன. இதன்படி இணைப்பி முழுமையாக நுழைந்தால் மட்டுமே உணர் ஊசிகள் தொடும். அவை தொடாவிடில் அட்டை முழுத்திறனை எடுக்காது. முழுமையாகச் செருகுமாறு பயனரிடம் கேட்டுக்கொள்வதோடு நில்லாமல், அரைகுறைச் செருகலை இணைப்பியே கண்டறியுமாறு செய்தது இத்திருத்தத்தின் சிறப்பு. எனினும் ஊசிகளிடையே சமமற்ற பகிர்வை இது தடுப்பதில்லை. 2025 இல் அடுத்த தலைமுறை அட்டைகளிலும் உருகல் நிகழ்வுகள் பதிவாயின.

இவற்றையும் பார்க்க

* மின்வழங்கி
* தொடுகைத் தடை
* உருகி
* டையோடு
* மின்வில்
* தாய்ப்பலகை